எழுதித் தாருங்கள் என்றது அவ்வளவு பெரிய குற்றமா?

ஊரின் உயிர்காப்புப் படகை எங்கள் கழக வளவில் நிறுத்துவது பற்றி வியாழக்கிழமை நடந்த கூட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன், அந்தப் படத்தைப் பார்க்கும்வரை. எங்கள் பாய்ப்படகுக் கழகத்தின் வாசற்பலகையைப் படமெடுத்து, மேலே "இவர்களுக்கு உயிரைவிட விளையாட்டே பெரிது" என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். உங்களில் பலர் அதற்கு விருப்பக்குறி இட்டிருக்கிறீர்கள். என் சொந்த அத்தான் கோபக்குறியே இட்டிருக்கிறார். அவர் இருப்பது கனடாவில். எங்கள் ஊர்க் கடலை அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் மழையில், கார்க் கண்ணாடி வழியாக.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன். உயிர்காப்புப் படகு எங்கள் வளவுக்குள் வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தாராளமாக வாருங்கள், எந்த இடம் யாருக்கு, எந்த நேரம் யாருக்கு, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று எழுதித் தாருங்கள் என்றோம். எழுதித் தாருங்கள். இந்த இரண்டு சொல்லுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

இங்கே பிரித்தானியாவில் கடலில் உயிர்காப்பது முழுக்க அரசாங்க வேலை என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். 999-க்கு வரும் அழைப்பை எடுத்து மீட்பை ஒருங்கிணைக்கும் கடலோரக் காவல் சேவை அரசுடையது. போகிற படகு பெரும்பாலும் தொண்டு அமைப்புடையது. 1824-ல் வில்லியம் ஹிலரி என்பவரின் முயற்சியால் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகுத் தொண்டு அமைப்பு இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகிறது. அதைச் சேராத சிறிய தனி அமைப்புகளும் கரையோரம் நெடுக உண்டு. எங்கள் ஊரில் இருப்பது அப்படி ஒன்று. அதில் போகிறவர்கள் குழாய் திருத்துபவர், பள்ளி ஆசிரியர், பேக்கரிக்காரர். இடுப்பில் பேஜர் அலறினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். 1981 டிசம்பர் 19 இரவு கோர்ன்வால் கரையில், புயலில் சிக்கிய கப்பலிலிருந்தவர்களைக் காப்பாற்றப் போன பென்லீ படகில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் திரும்பவில்லை. இதையெல்லாம் எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். கழகத்தின் உண்டியலில் அவர்களுக்காக ஆண்டுதோறும் காசு சேர்ப்பவன் நான்.

பிறகென்ன சிக்கல்? சேறுதான்.

எங்கள் ஊர் தேம்ஸ் முகத்துவாரத்தை ஒட்டிய சேற்றுக்கரை. கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான், நாரை நடக்கும். பெருக்கின் உச்சத்துக்கு முன் இரண்டு மணி நேரம், பின் இரண்டு மணி நேரம். அந்த நான்கு மணி நேரம்தான், படகைத் தண்ணீரில் இறக்கும் எங்கள் சாய்தளத்தின் அடியில் படகு மிதக்கத் தண்ணீர் நிற்கும். பெருக்கு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். சனி ஞாயிறில், பகல் வெளிச்சத்தில், காற்றும் ஒத்துவந்து நல்ல பெருக்கு அமைவது மாதத்துக்கு எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். எங்களுக்கும் அந்த நான்கு மணி நேரம். அவர்களுக்கும் அதே நான்கு மணி நேரம். சாய்தளம் ஒன்று. அதன் அகலம், அவர்கள் படகை இறக்கும் டிராக்டர் ஒன்று போனால் பக்கத்தில் ஒரு ஆள் ஒதுங்கி நிற்கக் காணும்.

சோதனையாக அவர்கள் படகை எங்களிடம் நிறுத்திய ஆறு வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கூட்டத்தில் சொல்ல எழுந்தபோது நேரமில்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஜூன் மாதச் சனிக்கிழமை, பிள்ளைகளின் பயிற்சி நாள். சாய்தளத்தில் பதினொரு ஒப்டிமிஸ்ட் படகுகள். குளியல் தொட்டிக்குப் பாய் கட்டியது போலிருக்கும், ஒரு பிள்ளைக்கு ஒன்று. என் மகளுக்குப் பத்து வயது. தள்ளுவண்டியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். பேஜர் அடித்திருக்கிறது. எங்களுக்கு எப்படித் தெரியும்? டிராக்டர் பின்னோக்கி வந்தது. மேலிருந்தவர் "விலகு! விலகு!" என்று கத்தினார். அவள் பயந்து பிடியை விட்டுவிட்டாள். வண்டி சரிந்து, படகு குறுக்கே விழுந்து, பாய்மரம் டிராக்டர் சில்லுக்கு முன்னால் கிடந்தது. நாங்கள் நாலைந்து பெற்றோர் தண்ணீரில் குதித்துத்தான் இழுத்தோம். நான்கு நிமிடம் போய்விட்டது. வெளியே யாரோ தத்தளித்துக்கொண்டிருக்கும்போது நான்கு நிமிடம்.

அவர் கத்தியதில் தவறில்லை. நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன். (என் பிள்ளையைப் பார்த்து அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் அந்த நான்கு நிமிடம் யாருடைய தவறு? எழுத்தில் ஒன்றுமில்லாமல் இரண்டு பேரை ஒரே வாசலில் நிறுத்தியவர்களின் தவறு. நாங்கள் காகிதம் கேட்பது எங்கள் பந்தயத்துக்காக மட்டுமா? அந்த டிராக்டர் தடையில்லாமல் இறங்குவதற்கும்தான்.

"குழந்தை மூழ்கும்போது ஒப்பந்தம் படிப்பீர்களா?" என்று மேடையில் கேட்டார்கள். நல்ல கைத்தட்டல். மூழ்கும்போது படிக்கக் கூடாது என்பதால்தானே முன்கூட்டியே எழுதச் சொல்கிறோம்?

"பணக்காரர் கழகம்" என்கிறீர்கள். வாருங்கள், என் சொத்தைக் காட்டுகிறேன். நான் வைத்திருப்பது ஒரு மிரர் படகு. சாதாரணக் குடும்பங்களும் வீட்டிலேயே ஒட்டுப்பலகையில் கட்டிக்கொள்ளட்டும் என்று 1963-ல் ஒரு நாளிதழின் ஆதரவில் வந்த வகை. அந்தப் பத்திரிகையின் பெயரே படகுக்கும். என்னுடையது நாற்பது வயது தாண்டியது, மூன்று கை மாறி வந்தது. சிவப்புப் பாயில் நான்கு ஒட்டு. அடிப்பலகையில் எத்தனை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் கழகத் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. கழிப்பறை கழுவ முறை வைத்திருக்கிறோம், இந்த மாதம் என் முறை. உல்லாசக் கப்பல்காரர்கள்!

கமிட்டி ஊராரிடம் முதலிலேயே பேசியிருக்கலாம் என்பது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். மேலே போவோம்.

"உங்கள் ஊரில் இப்படியா காகிதம் கேட்பீர்கள், கரையே ஒன்றாகத் திரண்டு உதவாதா?" என்று உள்பெட்டியில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, நீர் எந்த ஊர்? எங்கள் பக்கத்தில் வேலிக் கதியால் ஒன்றைச் சாண் அளவு தள்ளி நட்டதற்கு அண்ணன் தம்பி செத்தவீட்டுக்கும் போகாமல் இருந்த கதை தெரியாதா? வேலியைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லித் தர வேண்டாம். எங்கள் அப்பாச்சி வீட்டுக் கிணறு பங்குக் கிணறு. மூன்று குடும்பம். யார் எந்த நாள் தோட்டத்துக்கு இறைப்பது, எந்த வழியால் போய்வருவது, வாய்க்கால் யார் காணிக்குள்ளால் ஓடும், எல்லாம் முறை வைத்திருந்தார்கள். பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் காணி உறுதிப்பத்திரத்திலேயே இருந்தது. அதனால்தான் சண்டை வரவில்லை. அப்பாச்சி பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்கு விளங்கியது, இங்கே பட்டம் பெற்றவர்களுக்கு விளங்கவில்லை.

எழுதித் தாருங்கள் என்று கழகம் கேட்ட அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று கேட்டீர்கள் அல்லவா? நான்தான். மூன்று இரவு உட்கார்ந்து எழுதினேன். அதைக் கூட்டத்தில் வாசித்து முடித்ததும் முன்வரிசையில் ஒருவர் மிக மரியாதையாக, சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவருக்கு இந்தக் கரையின் வழக்கம் தெரியாது போலிருக்கிறது." இருபத்திரண்டு வருடம் இந்தச் சேற்றில் கால் புதைத்தவனுக்கு. அவர் இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடம். அரங்கில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தலைவர் கூட மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாயில் வராதது இரவு முழுக்க வந்தது. ஐயா, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-ல் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. ஓட்டிப் போனவர்கள் எங்கள் கரையார். கடலின் வழக்கம் எனக்குத் தெரியாதா? சொல்லியிருந்தாலும் என்ன, சாய்தளத்துக்கும் அன்னபூரணிக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். சம்பந்தம் இல்லைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். போன கோடையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில், நின்று துடுப்புப் போடும் பலகையில் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். கரையில் நிற்பவர்களுக்கு அந்தக் காற்று இருப்பதே தெரியாது, தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். அவரைத் தூக்கி வந்தது எங்கள் கழகத்தின் ரப்பர்ப் படகு. சுக்கான் என் கையில் இருந்தது. பந்தயத்தை நிறுத்திவிட்டுப் போனோம். உதடு நீலமாகி, பலகையைக் கட்டிப்பிடித்தபடி விட மறுத்தார். யாரும் படமெடுத்துப் போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வியாழக்கிழமை அவர் மூன்றாம் வரிசையில் இருந்தார். கைத்தட்டினார்.

ஞாயிறு பெருக்கு முற்பகலில். பாதுகாப்புப் படகில் முறை எனக்குத்தான். அத்தான், அந்தக் கோபக்குறியை எடுத்துவிடுங்கள். அக்கா கண்டால் என்னிடம்தான் விளக்கம் கேட்பார்.