சாலைக்கும் மண்பாதைக்கும் ஒரே வண்டி: எந்தப் பக்கம் சாய்வது?

தார்ச்சாலையிலும் ஓட வேண்டும், காட்டுப்பாதையிலும் ஏற வேண்டும், இரண்டுக்கும் ஒரே பைக் போதும். இந்த ஆசையோடு வண்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை சிசி, எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு வேகம் போகும், எத்தனை ரைடிங் மோடு இருக்கிறது. எடை எவ்வளவு என்ற கேள்வி கடைசியில் வருகிறது. சிலரிடம் வருவதே இல்லை. பல வருடமாக டூயல் ஸ்போர்ட் என்று சொல்லப்படும் இந்த வகை வண்டியை மட்டுமே வைத்து ஓட்டுகிற ஆள் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வண்டி மண்பாதைப் பக்கம் சாயட்டும், டயர் சாலைப் பக்கம் சாயட்டும். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருநூறு கிலோவைத் தாண்டிய வண்டியை வாங்கி, அதில் கட்டைகட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும் நாபி டயரை மாட்டுகிறார்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும். ஓட்டுவதற்கு இரண்டு இடத்திலும் சிரமம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இரண்டு பக்கமும் நாம் கொடுக்கும் விலை ஒன்றல்ல. சாலையில் வண்டிக்குச் சக்தி போதவில்லை என்றால் என்ன ஆகும்? எதிர்காற்றில் திணறும். லாரியை முந்த இடம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஒல்லியான சீட் கடிக்கும், அடிக்கடி நிறுத்தி இறங்க வேண்டும். போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். காட்டுப்பாதையில் எடை கூடிப்போனால் கதையே வேறு. வேகமே இல்லாமல், திரும்பும்போது ஊன்றிய கால் கூழாங்கல்லில் வழுக்கினால் போதும், வண்டி ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாயும். இலேசான வண்டி என்றால் தொடையால் முட்டுக்கொடுத்துப் பிடித்துவிடலாம். கனமான வண்டியைப் பிடிக்கப் போனால் முட்டியோ முதுகோ போய்விடும். முதல் குறை நேரத்தோடு முடிகிறது. இரண்டாவது குறை உடம்பில் இறங்குகிறது.

விழுந்த வண்டியைச் சரிவில் தூக்கியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மண்பாதையில் வண்டி விழுவது விபத்துக் கணக்கில் வராது, அது ஓட்டத்தின் ஒரு பகுதி. சமதரையில் என்றால் ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, இடுப்பை வண்டியோடு ஒட்டி, கால் பலத்தில் எழுப்பிவிடலாம். சரிவில், சக்கரம் மேட்டுப் பக்கமும் ஹேண்டில்பார் பள்ளத்துப் பக்கமுமாகக் கிடந்தால் அப்படியே தூக்க முடியாது. வண்டியைப் படுத்த நிலையிலேயே இழுத்து, சக்கரம் பள்ளத்துப் பக்கம் வரும்படி சுழற்ற வேண்டும். பிறகு கியரில் போட வேண்டும், இல்லையென்றால் எழுப்பிய வேகத்தில் உருண்டு போய்விடும். தூக்கும்போது விரல் முன் பிரேக்கில் இருக்க வேண்டும். எழுந்ததும் மறுபக்கம் சாயாமல் பிடிக்க வேண்டும். ஹோண்டா சிஆர்எஃப்300எல் பெட்ரோலோடு சுமார் 142 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ. பிஎம்டபிள்யூ ஆர்1250ஜிஎஸ் சுமார் 249 கிலோ. பேப்பரில் பார்த்தால் வெறும் எண்கள். வெயிலில், ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்க, அதே வண்டியை மூன்றாவது முறை தூக்கும்போதுதான் அந்த நூறு கிலோ வித்தியாசம் தெரியும். தனியாகப் போகிறவர்களுக்கு இது பாதுகாப்பு விஷயம். ஒற்றை ஆளாகத் தூக்க முடியாத வண்டியோடு போன் சிக்னல் இல்லாத பாதையில் தனியாக இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த வகை வண்டி பிரபலமானதே இலேசான வடிவத்தில்தான். அதற்கு முன்னால் ஸ்கிராம்ப்ளர் என்று விற்றவை பெரும்பாலும் சாலை வண்டிகள்தான், சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, ஹேண்டில்பாரை அகலமாக்கியிருப்பார்கள். 1968இல் யமஹா கொண்டுவந்த டிடி-1 அப்படி இல்லை. 246 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் இருந்தன, அதே நேரம் உண்மையாகவே மண்ணில் ஓடியது. வீட்டிலிருந்து கிளம்பி, பாதையில் ஓட்டி, அதே வண்டியில் திரும்பலாம் என்ற எண்ணத்தை அதுதான் பரவலாக்கியது. 1979இல் முதல் பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தை சிரில் நெவூ யமஹா எக்ஸ்டி500இல் ஜெயித்தார். அதுவும் ஒற்றை சிலிண்டர்தான். பிறகு 1980இல் பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் வந்தது, 1981இல் யூபேர் ஓரியோல் பிஎம்டபிள்யூவில் டக்கார் ஜெயித்தார், பெரிய வண்டி மோகம் மெல்ல வளர்ந்தது. ஆனால் 2011 முதல் அதே டக்காரில் பைக்குகளுக்கு 450 சிசிதான் உச்சவரம்பு. உலகத்தின் தலைசிறந்த ரைடர்கள் மணல்மேடுகளைத் தாண்டுவது 450இல். முதன்முதலாக மண்ணில் இறங்கப் போகிறவருக்கு 1200 எதற்கு என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இதைச் சொன்னால் உடனே எதிர்வாதம் வரும்: அப்படியென்றால் நூறு கிலோ சொச்சத்தில் எண்டூரோ எனப்படும் காட்டுப்பாதைப் பந்தய வண்டியையே ரெஜிஸ்டர் செய்து ஓட்டலாமே? நல்ல கேள்வி, பதில் இன்ஜினுக்குள் இருக்கிறது. பந்தய எண்டூரோவில் ஆயில் கொஞ்சம், பிஸ்டன் இலேசு, எல்லாம் உச்சத்தில் முறுக்கப்பட்டது. சர்வீஸைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள். பத்துப் பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்று என்று கையேட்டிலேயே இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரே ஆர்பிஎம்மில் மணிக்கணக்காக ஓட்டுவதற்காக அது செய்யப்படவில்லை. டூயல் ஸ்போர்ட் வண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றி, காலையில் ஸ்விட்சைத் தட்டினால் கிளம்பும். வேலைக்கும் அதிலேயே போகலாம். சுசூகி டிஆர்650எஸ்இ 1996இலிருந்து பெரிய மாற்றமே இல்லாமல் வந்துகொண்டிருந்ததற்கும் அதுதான் காரணம். கார்புரேட்டர், காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின், கெட்டுப்போக அதில் அதிகமாக எதுவும் இல்லை. ஆக, சாலையில் தினமும் நிம்மதியாக ஓடக்கூடிய வண்டிகளில் எது இலேசோ அதை எடுங்கள்.

இப்போது டயர். இங்கே கணக்கு அப்படியே திரும்புகிறது. காட்டுப்பாதையில் டயரின் பிடி கொஞ்சம் குறைந்தால் பின்சக்கரம் சுழலும், மேட்டில் ஏற இன்னொரு முறை முயல வேண்டும், மெதுவாகப் போக வேண்டும். மழை பெய்த தார்ச்சாலையில் பிடி போனால் பக்கத்தில் பஸ் வந்துகொண்டிருக்கும். நாபி டயரில் சாலையைத் தொடும் ரப்பரே குறைவு. கட்டைகளுக்கு நடுவே இருப்பது வெறும் இடைவெளி. போதாததற்கு அந்தக் கட்டைகள் பிரேக் அடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் வளைந்து கொடுக்கும். வண்டி நெளிகிற மாதிரி இருப்பது அதனால்தான். ஓட்டத்தில் பெரும்பகுதி சாலையில் என்றால், சாலைக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி என்று செய்யப்பட்ட வகை டயரே போதும். அதைவிட மண் பக்கம் சாய்ந்த டயர் வேண்டுமென்றால் அதை முன்சக்கரத்தில் மாட்டுங்கள். மண்ணில் பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் தரைதான்.

டயர் வகையைவிடக் காற்றழுத்தம் பெரிய விஷயம் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். சாலையில் 30 பிஎஸ்ஐ அளவில் வைத்து ஓட்டும் அதே டயரை, கல்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் 20க்கு இறக்கிப் பாருங்கள். டயர் கல்லின் மேல் படிந்து போகும், துள்ளல் குறையும், ஹேண்டில்பார் கையை உதறாது. அதற்கும் கீழே இறக்கினால் ஆபத்து. கூர்மையான கல்லில் அடிபட்டு ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும், இரண்டு பல் பட்ட மாதிரி ஜோடியாக ஓட்டை விழும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இல்லாத சக்கரத்தில் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து, ட்யூபின் வால்வையே பிய்த்துவிடும். சாலைக்குத் திரும்பும் முன் மறுபடி காற்று அடிக்க வேண்டும், இதில் சோம்பல் கூடாது. குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் நசுங்கி நசுங்கி விரிந்தே சூடேறிவிடும். ஆக, பம்பும் பிரஷர் கேஜும் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். ட்யூப் வண்டி என்றால் லீவர், மாற்று ட்யூப், ஆக்சில் நட்டுக்கான ஸ்பேனர். இவற்றை வைத்து வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். ஆக்சசரீஸில் கொட்டும் பணத்தில் முதல் பங்கு இதற்குப் போகட்டும், அடுத்த பங்கு இன்ஜினுக்குக் கீழே போடும் பேஷ் பிளேட்டுக்கும் கை கார்டுக்கும். கிளட்ச் லீவர் உடைந்தால் வீடு திரும்புவதே பெரும்பாடு. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக அலுமினியப் பெட்டியும் மாட்டினால், இலேசான வண்டி வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும். துணிப்பை போதும். விழும்போது காலுக்கும் அது நல்லது.

பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பற்றிச் சண்டையே நடக்கிறது. தளர்ந்த சரளைக்கல்லில் பூட்டிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் அந்தப் பூட்டலை விடாது, அதனால் நிற்கும் தூரம் நீளும். பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்க முடிகிற வண்டி கிடைத்தால் மகிழ்ச்சி. முன்னால் இருக்கட்டும். பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டதும் அது தானாகவே மறுபடி இயங்கத் தொடங்கும், இறக்கத்தின் நடுவே அதைக் கண்டுபிடிக்காமல் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. இந்த வண்டி வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் முதல் வேலையாக சைலன்சரை மாற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பாதையில் நம்மோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள், ஓரத்தில் வீடுகள் இருக்கின்றன, விலங்குகள் இருக்கின்றன. ஒரு பாதையைப் பைக்குகளுக்கு மூடச் சொல்லி யாராவது கேட்டால், காரணங்களில் சத்தம் தவறாமல் இருக்கும். அடுத்தது, ஈர மண்ணில் பின்சக்கரத்தைச் சுழற்றி வெட்டிவிட்டுப் போவது. அந்தக் கோட்டில்தான் அடுத்த மழைத்தண்ணீர் ஓடும், பாதை ஓடையாகும். அனுமதி இல்லாத பாதையில் நுழையவே கூடாது என்பதை நம்பர் பிளேட் வைத்த வண்டிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதை இருந்தால்தான் இந்த வண்டிக்கே பொருள் உண்டு.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். சீட் உயரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். நல்ல சஸ்பென்ஷன் டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம், உள்ள வண்டி உயரமாகத்தான் இருக்கும், ஒரு காலின் முன்பாதம் எட்டினால் போதும். உட்கார்ந்ததும் டிராவலில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குகிறதா என்று பார்த்து ஸ்பிரிங்கைச் சரிசெய்தாலே பல வண்டிகள் வேறு வண்டியாகிவிடும். முன்சக்கரம் 21 அங்குலம், பின்னால் 18 என்றால் மண் டயர் தேர்வுக்குப் பஞ்சமில்லை, கல்லையும் குழியையும் முன்சக்கரம் எளிதாக ஏறிக் கடக்கும். கால்கட்டையில் எழுந்து நின்று பாருங்கள். முதுகு வளையாமல் கை ஹேண்டில்பாரை எட்ட வேண்டும், முட்டி டேங்கைப் பிடிக்க வேண்டும். மண்ணில் பெரும்பாலான நேரம் அப்படித்தான் நிற்கப் போகிறீர்கள். டெஸ்ட் ரைடு முடிந்ததும் இன்ஜினை அணைத்து, லேசான மேட்டில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அங்கேயே மூச்சு வாங்கினால் அந்த வண்டி உங்களுக்குக் கனம்.

பழைய வண்டி என்றால் கீறலைப் பார்த்துத் தயங்காதீர்கள், மண்ணில் ஓடிய வண்டியில் கீறல் இருக்கும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் பேரிங் தேய்ந்திருந்தால் கையில் தெரியும். கடைசியாக ஏர்பாக்ஸைத் திறக்கச் சொல்லி ஃபில்டரைக் கழற்றுங்கள். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்பக்கத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால், அந்த மண் பிஸ்டன் வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.