மாயர்கள் எங்கேயும் மறைந்துவிடவில்லை

மெக்சிகோவின் தெற்கிலும் குவாத்தமாலாவிலும் வாழ்ந்த பழங்குடி மக்களான மாயர்கள், கி.பி. 900 வாக்கில் நகரங்களை அப்படியே போட்டுவிட்டு மர்மமாக மறைந்துபோனார்கள் என்ற கதை யூடியூபில் இன்னும் சக்கைப்போடு போடுகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குவாத்தமாலாவின் டிக்கால் போன்ற தெற்கு நகரங்கள் காலியானது உண்மைதான். சரி, அதற்கப்புறம் ஸ்பானியர் வரும்வரை கிடக்கும் 600 ஆண்டுகளில் அந்த மக்கள் என்ன செய்தார்களாம்?

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் இருக்கும் மாயபான் நகரத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 1200 முதல் 1450 வரை செழித்த தலைநகரம். சுற்றிலும் 9 கிலோமீட்டர் மதில், உள்ளே சுமார் 4,000 கட்டடங்கள். 1950களில் இங்கே தோண்டிய அமெரிக்காவின் கார்னகி ஆய்வு நிறுவனத்தினர், இது மாயர்களின் சீரழிவுக் காலம் என்று முடிவுகட்டினார்கள். நடுவிலுள்ள பிரமிடு, முந்தைய மாயர் நகரமான சிச்சென் இட்சாவின் பிரமிடைப் பார்த்துக் கட்டியது, அதைவிடச் சிறியது, கற்களும் கரடுமுரடு. ஆனால் அந்தக் கற்கள் வெளியே தெரிவதற்காக அடுக்கப்பட்டவை அல்ல. மேலே கனமாகச் சுண்ணாம்புக் காரை பூசி, வண்ணம் தீட்டியிருந்தார்கள். காரை உதிர்ந்த சுவரைப் பார்த்துக் கட்டியவனின் திறமையை எடைபோடுவது என்ன நியாயம்?

கோயிலை விட்டுவிட்டு வீடுகளைத் தோண்டியபோதுதான் படம் மாறியது. சாதாரணக் குடும்பங்களின் வீடுகளிலும் எரிமலைக் கண்ணாடியில் சீவிய மெல்லிய கத்திகள் கிடைத்தன. யுகடான் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, அங்கே எரிமலையே கிடையாது. அந்தக் கண்ணாடியில் பெரும்பகுதி பல நூறு கிலோமீட்டர் தள்ளி, குவாத்தமாலாவின் இஷ்டெபெக்கே மலையிலிருந்து வந்தது. பதிலுக்கு யுகடானிலிருந்து உப்பும் தேனும் பருத்தித் துணியும் போயின. முன்பு ராஜாவின் சிலைக்குப் போன உழைப்பு சந்தைக்குத் திரும்பியிருக்கிறது. இதையா சீரழிவு என்பது? சாமானியன் வீட்டுக்குப் பண்டம் வந்து சேர்ந்ததை நான் வளர்ச்சி என்றுதான் சொல்வேன்.

1502இல் ஹோண்டுராஸ் கரையருகே கொலம்பஸின் ஆட்கள், மாயர்களுடையதாகக் கருதப்படும் ஒரு பெரிய வணிகப் படகை மறித்தார்கள். துணிகள், செம்புக் கோடரிகள், கூடவே கொக்கோ விதைகள். சில விதைகள் கீழே சிந்தியதும், கண்ணே விழுந்துவிட்டதுபோலப் படகில் வந்த அத்தனை பேரும் குனிந்து பொறுக்கியதாகக் கொலம்பஸின் மகன் எழுதியிருக்கிறார். பொறுக்காமல் என்ன செய்வார்கள்? அது அவர்களுக்குக் காசு.

அதற்காக அதைப் பொற்காலம் என்று நான் கொண்டாடவில்லை. மாயபானில் சியூ குலத்தார் கோகோம் ஆட்சிக் குடும்பத்தைக் கிட்டத்தட்ட பூண்டோடு வெட்டினார்கள். நீண்ட வறட்சியும் சேர்ந்துகொள்ள, நகரம் உடைந்தது. ஆனாலும் மக்கள் சிறு சிறு அரசுகளாகத் தொடர்ந்தார்கள். குவாத்தமாலாக் காட்டு ஏரித்தீவில் இருந்த நோஹ்பெத்தேன் என்ற, மாயர்களின் கடைசித் தலைநகரை ஸ்பானியர் பிடித்தது 1697இல். மாயர்கள் மறைந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறக்குறைய 800 ஆண்டுகள் கழித்து.