பிசானம் அறுத்து, கார் நடுகிற வரைக்கும்

கோடை லீவு விட்டால் முகநூலில் ஒரு புலம்பல் தவறாமல் வந்துவிடும். "எங்க காலத்துல வெயில்ல கெடந்து விளையாடினோம், இப்ப உள்ள பிள்ளைகளுக்குப் போனே கதி." எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் என் வயசுக்காரர்கள், ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிள்ளைகள் ஓடியாடுகிற நிலத்தை முதலில் பிடுங்கியது நாம்தான். போன் அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது. ஆளில்லாத வீட்டில் புகுந்த மாதிரி அது புகுந்துகொண்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். மாசி, பங்குனியில் பிசான நெல்லை அறுத்து முடித்தால் வயல் சும்மா கிடக்கும். ஜூனில் பாபநாசம் அணையில் கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கிற வரைக்கும் அதற்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. சிலர் உளுந்து போட்டிருப்பார்கள், மற்றதெல்லாம் அறுத்த நெல்லின் அடித்தாளோடு காயும். பள்ளிக்கூடம் விடுவதும் அந்த இடைவெளியில்தான். எங்களுக்கு மைதானம் கிடைத்த கணக்கு இதுதான். பஞ்சாயத்து கட்டித் தரவில்லை, எம்எல்ஏ நிதி வரவில்லை. விவசாயம் மூச்சு வாங்குகிற நேரத்தில் நாங்கள் உள்ளே புகுந்து பந்து உதைத்தோம்.

யாரிடமும் அனுமதி கேட்டதாக நினைவில்லை. வயல்காரர் எப்போதாவது வந்து வரப்பில் நிற்பார். அவருக்கு ஒரே ஒரு கவலைதான்.

"ஏலே, வெளையாடுங்க, வேண்டாங்கல. வரப்ப மிதிச்சு ஒடச்சிய, காலை ஒடிச்சிருவேன்."

"இல்ல பெரியப்பா, நாங்க சுத்தித்தான் போறோம்."

அவர் எங்களுக்குப் பெரியப்பா முறைகூடக் கிடையாது. சொன்னால் கொஞ்சம் இளகுவார் என்று சொல்வதுதான்.

அந்த மைதானத்தைப் பார்த்தால் ஃபிஃபாக்காரன் மயங்கி விழுந்திருப்பான். சதுரமும் இல்லை, செவ்வகமும் இல்லை. ஒரு பக்கம் அகலம், வாய்க்கால் பக்கம் குறுகல். தண்ணீர் பாய வேண்டும் என்பதற்காக மேல மடையில் இருந்து கீழ மடைக்குச் சரிவாக இருக்கும். கீழே இறங்கி ஆடுகிற அணிக்குப் பந்து தானாக ஓடும், மேலே ஏறுகிறவன் நாக்குத் தள்ளிப் போவான். வரப்புதான் எல்லைக்கோடு. வரப்பில் பட்டுத் திரும்பினால் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது, தாண்டினால் த்ரோ. இதனாலேயே எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாருக்கும் வரப்பில் மோதவிட்டு ஆளைத் தாண்டுகிற வித்தை தெரியும். சுவர் வைத்த அரங்கில் ஆடுகிறவர்கள் இதைப் பெரிய நுணுக்கம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது நிலம் சொல்லிக் கொடுத்தது.

முதல் சில நாள் தாள் குத்திப் பாதமெல்லாம் பொத்தல் ஆகும். செருப்புப் போட்டு ஓட முடியாது, பூட்ஸ் என்பது பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஆடுகிற பெரிய ஆட்கள் காலில் பார்த்த பொருள். மிதித்து மிதித்துத் தாள் அடங்கி, நடுவில் மட்டும் தரை வழுவழுவென்று ஆன பிறகுதான் ஆட்டம் சூடு பிடிக்கும். சித்திரை வெயிலில் களிமண் வெடித்துவிடும். வெடிப்பில் குதிகால் மாட்டிச் சுளுக்கிக்கொண்டு, வீட்டில் சொல்லாமல் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தவர்கள் உண்டு.

இன்னொரு தொந்தரவு கிடை. கோனார்கள் ஆடுகளை ஓட்டி வந்து உரத்துக்காக ராத்திரி வயலில் மடக்குவார்கள். விடிந்து போனால் தரை முழுக்கப் புழுக்கை, ஆட்டு மூத்திர வாடை. அன்றைக்கு அந்த வயல் கிடையாது. "மேல வயல்ல கெட போட்டுருக்கு, எல்லாவனும் கீழ வயலுக்கு வாங்கலே" என்று ஒருத்தன் சைக்கிளில் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போவான். எங்கள் போட்டி அட்டவணையைத் தீர்மானித்தது ஆடுகள்தான்.

பந்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். வீட்டுக்கு வீடு காசு பிரித்து, திருநெல்வேலி ஜங்ஷனில் போய் வாங்கி வந்த பந்து. எங்கள் பக்கத்தில் குடை விரித்த மாதிரி நிற்குமே உடைமரம், அதன் முள்தான் அதற்கு எமன். வெள்ளை வெளேரென்று விரல் நீளத்துக்கு இருக்கும். ஓங்கி உதைத்தவன் கோலைப் பார்க்க மாட்டான், பந்து வாய்க்கால் கரை உடைமரத்துப் பக்கம் போகிறதா என்றுதான் பார்ப்பான். 'புஸ்' என்றால் ஆட்டம் முடிந்தது. சைக்கிள் கடை அண்ணாச்சி தையலைக் கொஞ்சம் பிரித்து உள்ளே இருக்கிற பிளாடரை வெளியே உருவுவார். தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவார். அப்புறம் செருப்புத் தைக்கிறவரிடம் ஓட வேண்டும். அவர் மெழுகு தேய்த்த நூலால் தையலை மூடுவார். கடைசியில் காற்றடிக்கிற ஊசியை நாக்கில் வைத்து எச்சில் தொட்டுத்தான் வால்வில் சொருகுவோம். காய்ந்த ஊசியைக் குத்தினால் வால்வு கிழிந்துபோகும் என்று அண்ணாச்சி மிரட்டி வைத்திருந்தார். கோடை முடியும்போது பந்து உருண்டையாக இருக்காது. முட்டைக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் ஒரு வடிவத்துக்கு வந்திருக்கும். அது எந்தப் பக்கம் எகிறும் என்று தெரிந்தவன்தான் நல்ல ஆட்டக்காரன்.

விதிகள் எங்கள் சொந்த விதிகள். ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. ரெண்டு கல்தான் கோல் போஸ்ட், மேலே கம்பி இல்லாததால் கோலி கையைத் தூக்கினால் எட்டுகிற உயரம் வரைக்கும் கோல். அதனால் குள்ளமான கோலியை வைத்திருக்கிற அணிக்கு ஆதாயம். இந்த ஒரு விஷயத்தில் வந்த சண்டைகள் சில இன்னும் தீரவில்லை. வாண்டுகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம், அவன் கோல் போட்டாலும் கணக்கில்லை.

பெண் பிள்ளைகள் சப்பாணியாகக்கூட உள்ளே வந்ததில்லை. வரப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள், தாண்டி வந்த பந்தை எடுத்து எறிவார்கள். என் அக்கா ஒருத்தி எறிகிற எறி, எங்கள் எந்தத் த்ரோவையும்விடத் தூரம் போகும். அப்போது எங்களுக்கு அது வேடிக்கை. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் பட்டத்தை 2018-லும் 2023-லும் வென்றபோது எனக்கு அந்த அக்கா ஞாபகம்தான் வந்தது. பழைய கோடையைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

நான் சொல்கிற கோடை 1990. அந்த வருஷம் ஜூன் 8-ஆம் தேதி இத்தாலியில் உலகக் கோப்பை தொடங்கியது. நம் நேரத்துக்கு ராத்திரி ஒன்பதரைக்கு முதல் ஆட்டம், அர்ஜென்டினாவும் கேமரூனும். தூர்தர்ஷனில் பார்க்க டிவி இருக்கிற வீட்டுத் திண்ணை, நடை, ஜன்னல் கம்பி எல்லாம் ஆள். மொட்டை மாடியில் ஒருத்தன் ஏரியலைத் திருப்பிக்கொண்டே "தெரியுதா, தெரியுதா" என்பான். 1986-இல் மாரடோனா கோப்பை வாங்கியதில் இருந்து எங்கள் ஊரே அர்ஜென்டினா. சலூன் சுவரில் ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கப் போஸ்டராக அவர்தான் தொங்குவார். அன்றைக்கு ஓமாம் பியிக் எகிறித் தலையால் முட்டிய பந்து அர்ஜென்டினா கோலியின் கைக்கு வந்து, வழுக்கி உள்ளே போயிற்று. ரெண்டு பேரைச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றியும், ஒன்பது பேரோடு நின்று கேமரூன் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. திண்ணையில் ஒரு தாத்தா "ஏ, எவம்லே இவனுக? நம்ம பயலுவ மாதிரி இருக்கானுவ" என்றார். அந்த நிமிஷத்தில் எங்கள் ஊரில் பாதி கட்சி மாறியது.

அப்புறம் ரோஜர் மில்லா. 38 வயசு. ஜூன் 23-இல் கொலம்பியாவோடு ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. மில்லா முதல் கோல் போட்டார். கொஞ்ச நேரத்தில் கொலம்பியாவின் கோலி இகிட்டா, கோலை விட்டு வெகுதூரம் வெளியே வந்து காலில் பந்தை வைத்து விளையாட்டுக் காட்டினார். மில்லா அதைப் பறித்துக்கொண்டு போய் ஆளில்லாத கோலில் போட்டார். கொடிக் கம்புப் பக்கம் ஓடிப் போய் இடுப்பை ஆட்டி ஓர் ஆட்டம். மறுநாள் எங்கள் கோலிகள் எல்லாரும் வெளியே வந்து பந்து உருட்ட ஆரம்பித்தார்கள், கோல் மழை பெய்தது. தோற்றவனைத் திட்டுகிற சொல்லாகவே ரொம்ப நாளைக்கு 'இகிட்டா' எங்கள் ஊரில் இருந்தது.

கேமரூன் காலிறுதியில் இங்கிலாந்திடம் தோற்றது. லினேக்கருக்கு ரெண்டு பெனால்ட்டி. இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் பிரேமே 85-வது நிமிஷம் பெனால்ட்டியில் போட்ட ஒரே கோலில் அர்ஜென்டினாவும் போயிற்று. பெனால்ட்டி கேட்டு வாங்குகிறவனை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

ஆனால் அதற்குள் எங்கள் மைதானம் கை மாறியிருந்தது. பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. கால்வாயில் தண்ணீர் வந்து, நாற்றங்கால் போட்டு, எங்கள் நடு மைதானத்தில் சேறு கலக்கி உழுது தொழி அடித்துக்கொண்டிருந்தார்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்களுக்குக் காற்று வரும், மேல்காற்று. பந்து ஆற்று மணலுக்கு இடம் மாறியது. தாமிரபரணியில் அப்போது பரந்த மணல் திட்டு உண்டு. மணலில் ஓடினால் கெண்டைக்கால் இறுகும், விழுந்தால் வலிக்காது. யாரும் யாரையும் விரட்டவில்லை. வயலுக்கு வேலை வந்தது, நாங்கள் நகர்ந்துகொண்டோம். அடுத்த பங்குனிக்குத் திரும்பக் கிடைக்கும் என்று தெரியும்.

இப்போது அந்த வயலில் பாதிக்குக் கலர் அடித்த கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். மனையிடம் போய்ப் 'பங்குனிக்கு வாரோம்' என்று சொல்ல முடியாது. ஆற்றில் மணலை அள்ளிய இடம் பள்ளமும் புல்லுமாகக் கிடக்கிறது. கோடையில் குளத்துக்குள்ளாவது ஆடலாம் என்றால் சீமைக் கருவேலம் அடைத்து நிற்கிறது. நல்ல தரை மிச்சம் இருப்பது பள்ளிக்கூடங்களில். அதற்குச் சுற்றுச்சுவர், இரும்புக் கேட், லீவில் பூட்டு. பாதுகாப்பு என்கிறார்கள். பிள்ளைகளிடம் இருந்து பள்ளிக்கூடத்துக்கா, பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளைகளுக்கா என்று கேட்டால் பதில் இல்லை.

டவுன் பக்கம் டர்ஃப் வந்திருக்கிறது. பச்சை விரிப்பு, வலை, லைட். மணிக்கணக்குக்கு வாடகை. நல்ல விஷயம்தான், நானே போய் மூச்சு வாங்கியிருக்கிறேன். கோடைப் பயிற்சி முகாம்களையும் குறை சொல்லவில்லை. ஆனால் காசு கட்டி, நேரம் குறித்து, அப்பா வண்டியில் கொண்டு விட்டு, விசில் ஊதினால் நிறுத்துவதற்குப் பெயர் டியூஷன். சண்டை போட்டு, தானே சமாதானம் பேசி, இருட்டி அம்மா வந்து கூப்பிடுகிற வரைக்கும் ஆடுவதற்கு அங்கே இடம் கிடையாது.

கடற்கரை ஊர்களைப் பாருங்கள். உவரி, இடிந்தகரைப் பக்கமோ, குமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கமோ சாயங்காலம் போனால் பந்து உருளுகிறது. அந்தப் பிள்ளைகளிடமும் போன் இருக்கத்தான் செய்கிறது. கடற்கரை மணலில் யாரும் கல் நட்டு மனை போட முடியவில்லை. இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்தக் குமரிக் கடற்கரைக்காரர்தான். அங்கேயும் கடலரிப்பு மணலைத் தின்றுகொண்டு வருகிறது என்பது வேறு கவலை.

ஆகவே புலம்புகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தை ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் திறந்துவிடச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறீர்களா? எங்கள் ஊரில் பழைய கோலிகளும், பின்னால் நின்று தடுத்து ஆடிய பேக்கிகளும் கூடிப் பேசிவிட்டோம். தலைமையாசிரியர் தரப்பில் என்ன வரும் என்பதும் தெரியும்: ஜன்னல் கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு? உடைகிற கண்ணாடிக்குக் காசு எங்களுடையது. சாயங்காலம் முறை வைத்து ஆளுக்கொரு நாள் நாங்களே போய் உட்கார்ந்து, ஆறரைக்குப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். பந்தும் நாங்களே வாங்கித் தருகிறோம், ஊசியோடு சேர்த்து.