13 ஆட்டமும் ஜெயித்தவர்களை எந்த நியாயத்தில் வெளியே நிறுத்தினார்கள்?

காலேஜ் ஃபுட்பால், அதாவது அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு 2023 ஃப்ளோரிடா ஸ்டேட் அணிதான் நினைவுக்கு வரும். 13 ஆட்டத்தையும் ஜெயித்திருந்த அந்த அணியை, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றில் சேர்க்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன, கோபம் மட்டும் ஆறவில்லை.

அந்த சீசனை எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி) 45-24 என்று நொறுக்கித்தான் தொடங்கினார்கள். அப்புறம் கிளெம்சனுக்கே போய் கூடுதல் நேரத்தில் 31-24. இரண்டு வருஷம் முன்புவரை 5 வெற்றி, 7 தோல்வி என்று தேய்ந்துகிடந்த அணி இது. அதைத் தூக்கி நிறுத்தியவர் பயிற்சியாளர் மைக் நார்வெல், களத்தில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) ஜோர்டன் டிராவிஸ்.

நவம்பர் 18, டல்லஹாசி. எதிரே நார்த் அலபாமா, சின்ன அணி. முதல் குவார்ட்டரில் பந்தோடு ஓடிய டிராவிஸை மடக்கி வீழ்த்தியதில் அவருடைய இடது கால் முறிந்தது. வண்டியில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோனார்கள். அன்று 13-0 என்று பின்தங்கிய அணி அடுத்த 58 புள்ளிகளையும் தானே எடுத்து ஜெயித்தது. அடுத்த வாரம் மாற்று குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கரை வைத்து ஃப்ளோரிடாவை அதன் சொந்த மைதானத்திலேயே 24-15 என்று தோற்கடித்தார்கள்.

அந்த ஆட்டத்தில் ரோட்மேக்கருக்கும் தலையில் அடி. ஆக, டிசம்பர் 2 அன்று சார்லட்டில் லூயிவில்லுக்கு எதிரான ஏசிசி கான்ஃபரன்ஸ் (அணிகள் சேர்ந்த கூட்டமைப்பு) இறுதியில் குவார்ட்டர்பேக்காக இறங்கியது முதலாண்டு மாணவர் ப்ராக் க்ளென். கல்லூரியில் அவர் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய முதல் ஆட்டம் அதுதான். பந்தை எறிந்து அவர் எடுத்தது வெறும் 55 யார்டு. தடுப்பாட்டம்தான் மொத்த சுமையையும் தோளில் வாங்கிக்கொண்டது. ப்ரேடன் ஃபிஸ்க் மட்டும் மூன்று முறை எதிரணி குவார்ட்டர்பேக்கை மடக்கினார். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுன் ஒன்றுகூட லூயிவில்லால் அடிக்க முடியவில்லை. 16-6. பார்க்க அழகான ஆட்டம் இல்லைதான். ஆனால் அவ்வளவு பிடிவாதமான வெற்றியை நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் தேர்வுக் குழு பிளேஆஃபின் நான்கு இடங்களையும் மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமாவுக்குக் கொடுத்தது. 13 ஆட்டமும் ஜெயித்து நின்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு தரவரிசையில் ஐந்தாம் இடம். ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றில் ஒரு தோல்வியும் இல்லாமல் சாம்பியனான அணியை பிளேஆஃபில் சேர்க்காமல் விட்டது அதுதான் முதல் முறை.

டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்பது குழு சொன்ன காரணம். முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று விதியில் இருக்கிறது, சரி. ஆனால் 2014இல் என்ன நடந்தது? ஒஹையோ ஸ்டேட் தன் மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை வைத்துக்கொண்டுதான் பிளேஆஃபுக்குள் போனது, கோப்பையையும் தூக்கியது. அன்று அந்த அணி விஸ்கான்சினை 59-0 என்று துவைத்திருந்தது, ஃப்ளோரிடா ஸ்டேட் 16-6 என்றுதான் ஜெயித்தது என்பார்கள். இருக்கட்டும். எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தால் போதும் என்று யாராவது முன்கூட்டியே சொன்னார்களா?

அலபாமா மோசமான அணி என்று நான் சொல்லவில்லை. ஜார்ஜியாவை 27-24 என்று ஜெயித்தது பெரிய காரியம். ஆனால் அவர்கள் செப்டம்பரில் டெக்சாஸிடம் சொந்த ஊரிலேயே தோற்றவர்கள். ஒரு பக்கம் நடந்து முடிந்த 13 வெற்றி, இன்னொரு பக்கம் இனி நன்றாக ஆடுவார்கள் என்ற ஊகம். ஊகத்துக்குத்தான் இடம் கிடைத்தது.

கால் சீசனின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பியது இல்லை என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்ற பொருளில் டிராவிஸ் அன்று எழுதினார். கல்லூரிப் பையன் ஒருவனை இப்படி எழுத வைத்தது எந்த விதத்தில் நியாயம்? பிறகு தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ஜெட்ஸ் அணி அவரை எடுத்தது. ஆனால் அந்தக் காயத்தால் ஒரு என்எஃப்எல் ஆட்டம்கூட ஆடாமல் 2025இல் ஓய்வை அறிவித்தார்.

பிளேஆஃபுக்கு வெளியே ஆடிய ஆரஞ்ச் பௌல் என்ற ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதைக் காட்டி, குழு செய்தது சரிதான் என்று இன்றும் வாதிடுகிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இறங்காத ஆட்டம் அது. என்எஃப்எல்லுக்குப் போகிறவர்கள் ஒதுங்கிவிட்டார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு மாற முடிவு செய்துவிட்டார்கள். அதை வைத்து குழுவின் முடிவை அளப்பது முறையே இல்லை.

2024இல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது, கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் தரவரிசையில் முதல் ஐந்து அணிகளுக்கு இடம் உறுதி என்றும் விதி வந்தது. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். அந்த விதி ஒரு வருஷம் முன்பே வந்திருந்தால் ஃப்ளோரிடா ஸ்டேட் யார் தயவும் இல்லாமல் உள்ளே போயிருக்கும்.