ரஸாவின் படத்தில் வட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள்

ஓவியர் எஸ்.எச். ரஸா என்று சொன்னதும், "கறுப்பு வட்டம் போடுவாரே, அவரா?" என்றுதான் கேட்கிறார்கள். ஓட்டல் லாபி, கிளினிக் வரவேற்பறை, யோகா வகுப்பு, எங்கே போனாலும் அந்தப் பிந்துவின், அதாவது புள்ளியின், பிரிண்ட் ஒன்று தொங்குகிறது. கூடவே ஆதிமூலம், பிரபஞ்சம், சூன்யம் என்று ஒரு விளக்கம் வேறு. எனக்கு இதில் எரிச்சல்தான். வட்டத்தைக் கும்பிடுகிற அவசரத்தில் மனுஷனின் நிறத்தைக் கோட்டை விட்டுவிட்டோம். அதற்கு அவரும் கொஞ்சம் உடந்தை, அதைப் பிறகு சொல்கிறேன்.

1922இல் மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா பக்கம் பாபரியாவில் பிறந்தவர். அப்பா வனத்துறையில் இருந்ததால் காட்டோரக் கிராமங்களில் வளர்ந்தார். ராத்திரிக் காட்டின் பயம், அந்த இருட்டில் ஒரே ஆறுதலாக கோண்டு பழங்குடி மக்களின் ஆட்டம், விடிந்தால் சந்தை நாளின் வெயிலில் கொட்டிக் கிடக்கும் நிறங்கள், மறுபடி ராத்திரி. தன் சிறுவயதைப் பற்றி அவர் சொன்னது இதைத்தான். அலைபாய்கிற பையனை அடக்க வாத்தியார் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார் என்றாராம். ரஸா பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தப் புள்ளியில்தான் ஆரம்பிக்கிறார்கள். என் கண்ணுக்கு அந்தச் சந்தைதான் கேன்வாஸில் அதிகம் தெரிகிறது. கறுப்பை நிறங்களுக்கெல்லாம் தாய் என்று அவர் சொன்னதையும் அந்தக் காட்டு ராத்திரியோடு சேர்த்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

1947இல் பம்பாயில் ஓவியர்கள் சூஸா, ஹுசைன் ஆகியோருடன் சேர்ந்து முற்போக்குக் கலைஞர்கள் குழுவைத் தொடங்கினார். பிரிவினையில் உடன்பிறந்தவர்கள் பாகிஸ்தான் போனார்கள், இவர் போகவில்லை. 1950இல் பாரிஸ் போய் அறுபது வருடம் பிரான்ஸிலேயே இருந்துவிட்டார். 1962இல் பெர்க்லியில் பாடம் நடத்தப் போனபோது பெரிய நிறப் பரப்புகளாகவே வரைந்த அமெரிக்க ஓவியர் ராத்கோவின் படங்களை அங்கே பார்த்தது அவரை உலுக்கியது. அதற்குப் பிறகுதான் எண்ணெய் வண்ணத்திலிருந்து அக்ரிலிக்குக்கு மாறினார். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அக்ரிலிக் சீக்கிரம் காயும். ஈரம் கலங்காமல் சிவப்பின் மேலேயே இன்னொரு சிவப்பை ஏற்றலாம்.

அது என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் 1983இல் வரைந்த 'சௌராஷ்ட்ரா'வின் முன்னால் போய் நிற்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். எட்டி நின்றால் கட்டம் கட்டமாக ஒழுங்காகத் தெரியும். கிட்டே போனால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். சிவப்பு என்று நினைத்த இடத்தில் செங்கல், குங்குமம், காய்ந்த மிளகாய் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகத் தீற்றிக் கிடக்கும். கோட்டுக்குள் அடங்காத தூரிகை. போனில் பார்த்தால் இது எதுவும் தெரியாது, வடிவம் மட்டும்தான் மிஞ்சும்.

2009இல் டெல்லியில் ஒரு காலரி, ரஸாவின் ஆரம்பகாலப் படங்கள் என்று சொல்லி ஒரு கண்காட்சி வைத்து, திறப்பு விழாவுக்கு அவரையே அழைத்தது. வந்து சுற்றிப் பார்த்த 86 வயது மனிதர், இவை நான் வரைந்தவை அல்ல என்று சொல்லிவிட்டார். கண்காட்சியை மூட வேண்டியதாகிவிட்டது. ஆரம்பகாலப் படங்களுக்கே இந்தக் கதி. பிந்துவுக்குக் காம்பஸ் இருந்தால் போதுமே!

இப்போது அவருடைய பங்குக்கு வருகிறேன். 2010இல் 'சௌராஷ்ட்ரா' ஏலத்தில் பதினாறு கோடி ரூபாயைத் தாண்டியது. அதே காலகட்டத்தில்தான் அவர் இந்தியா திரும்பினார். கடைசிக் காலத்துப் பிந்துக்கள் பலவற்றில் வட்டம் கச்சிதமாக இருக்கிறது, நிறம் தூங்குகிறது. கேட்டார்கள், கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2016இல் 94 வயதில் இறக்கும்வரை தூரிகையைக் கீழே வைக்காத மனிதரைப் பற்றி இப்படிச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எல்லாப் பிந்துவும் தியானம் என்று தலையாட்ட என்னால் முடியாது.

கூகுளில் வெறுமனே ரஸா என்று தேடினால் வட்டங்களாகக் கொட்டும். 1973ஆம் வருடத்து 'லா தேர்' என்று சேர்த்துத் தேடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் மண்ணை அப்படித்தான் சொல்வார்கள். கிடைப்பதைப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள், கறுப்புக்குள்ளிருந்து எத்தனை சிவப்பு வருகிறது என்று கமெண்டில் சொல்லுங்கள்.