ஸ்டீல் ப்ளூ பெண்மீனைக் கழித்துவிடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சென்னை கொளத்தூரில் ஒரு அலங்கார மீன் கடை வாசலில் நின்றிருந்தேன். நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் மங்கலாக ஒரு நிறம். அந்த நிறத்தில் நாற்பது ஐம்பது பெண் ஃபைட்டர்கள், அதாவது பெட்டா மீன்கள், ஒரே டப்பில் கிடந்தன. "இதெல்லாம் என்ன தம்பி?" என்று கேட்டேன். "கலர் வராத மீனுண்ணா. அரவானா வச்சிருக்கிறவங்க தீனிக்கு எடுத்துட்டுப் போவாங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் அடுத்த ஆளுக்குப் பை கட்டப் போய்விட்டான். அரவானா என்றால் சின்ன மீன்களைத் தின்கிற பெரிய மீன்.

அவை கலர் வராத மீன்கள் இல்லை. ஸ்டீல் ப்ளூ. ஆறு மீன்களை மட்டும் வாங்கி வந்தேன். மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், ஃபைட்டரை ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

எந்த நிறம் வேண்டுமோ அந்த நிறத்தில் நல்ல ஜோடியாகப் பார்த்து வாங்கிச் சேர்ப்பதுதான் நம்மில் பலருடைய வழக்கம். சிவப்புக்கு அது பெரும்பாலும் சரிவரும். நீலத்துக்குச் சரிவராது. ராயல் ப்ளூ ஆணையும் ராயல் ப்ளூ பெண்ணையும் சேர்த்தால் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் ராயல் ப்ளூவாக வரும். கால்வாசி பச்சை கலந்த நீலமான டர்க்காய்ஸ், கால்வாசி ஸ்டீல். அதிலிருந்து ராயல் ப்ளூவையே பொறுக்கி எடுத்து மறுபடி சேர்த்தாலும் இதே கணக்குதான். பத்துத் தலைமுறை போனாலும் மாறாது. ஏனென்றால் ராயல் ப்ளூ தனியாக நிற்கிற நிறமே இல்லை. அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து ஸ்டீலின் பங்கும் இன்னொருவரிடமிருந்து டர்க்காய்ஸின் பங்கும் ஒரே குஞ்சில் வந்து சேரும்போது பிறக்கிற நடு நிறம் அது.

இப்போது ஒரு ஸ்டீல் பெண்ணையும் ஒரு டர்க்காய்ஸ் ஆணையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சுத்தமான லைனாக, அதாவது தலைமுறை தலைமுறையாகக் கலப்பில்லாமல் வந்த வழியாக இருந்தால் அந்தக் கூட்டில் பிறக்கிற அத்தனையும் ராயல் ப்ளூ. முதல் தடவை எனக்கு அப்படி வந்தபோது இரண்டு மாதக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டே போனேன். நூற்றுச் சொச்சம் பாட்டில், எல்லாவற்றிலும் ஒரே நீலம். மொட்டை மாடியில் சாயங்கால வெயிலில் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை. ராயல் ப்ளூவைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ராயல் ப்ளூவையே வைத்திருக்க வேண்டும் என்பதில்லை, ஸ்டீலும் டர்க்காய்ஸும் கையில் இருந்தால் போதும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கருப்பின் கதை இன்னும் கஷ்டமானது. மெலனோ என்று நாம் சொல்லும் அந்த அடர்ந்த கருப்பைச் சொல்கிறேன். மெலனோ பெண் முட்டை போடும். ஆண் அதை வாயில் பொறுக்கி நுரைக்கூட்டில் வைத்து, விழுவதை மறுபடி எடுத்து வைத்துக் காவல் காக்கும். ஆனால் அந்த முட்டைகள் தேறாது, குஞ்சு வராது. ஆகவே கருப்பும் கருப்பும் சேர்த்துக் கருப்பு லைனை நடத்த முடியாது. கருப்பைத் தனக்குள் மறைத்து வைத்திருக்கும் வேறு நிறத்துப் பெண் வேண்டும். அந்த வேலைக்குப் பழைய ஆட்கள் தேடுவது ஸ்டீலைத்தான். டர்க்காய்ஸ் போட்டால் பச்சை மினுக்கம் கருப்பின் மேல் படிந்து மீனைக் கெடுத்துவிடும். ஸ்டீலில் மினுக்கம் அடங்கி இருக்கும்.

செய்முறை இதுதான். மெலனோ ஆணுக்கு ஸ்டீல் பெண்ணைப் போட்டால் பிறக்கிற எதுவும் கருப்பாக இருக்காது, ஆனால் எல்லாவற்றுக்குள்ளும் கருப்பு இருக்கும். அதிலிருந்து ஒரு பெண்ணை எடுத்து மறுபடி மெலனோ ஆணுக்குப் போட்டால் குஞ்சுகளில் பாதி கருப்பு. அந்த இடைத் தலைமுறைப் பெண்ணை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. டப்பில் கிடந்த அந்த நாற்பது ஐம்பதில் எத்தனை அப்படிப்பட்டவையோ! யாரோ ஒருவர் இரண்டு தலைமுறை உழைத்து எடுத்ததை, என்னவென்று தெரியாமல் இன்னொருவர் வாங்கி, மூன்றாமவர் அரவானாவுக்குப் போடுகிறார்.

இந்த அறிவு ஒன்றும் புதிதில்லை. ஃபைட்டரின் நிறங்கள் எப்படி இறங்குகின்றன என்று குட்ரிச்சும் மெர்சரும் எழுதிய கட்டுரை 1934இலேயே 'சயன்ஸ்' இதழில் வந்துவிட்டது. தாய்லாந்தில் மனிதர்கள் இந்த மீனைப் பழக்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் வருடம் இருக்கும் என்று 2022இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. 2019இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அத்தனை தலைமுறை மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது இது. நம் கையில் வந்து கலைந்துபோனால் எனக்குப் பொறுக்கவில்லை.

எப்படிக் கலைகிறது என்பதை என் அனுபவத்திலேயே சொல்கிறேன். 2016இல் தாய்லாந்துக் கொடியின் நிறங்களோடு இருந்த ஒரு ஃபைட்டர் இணைய ஏலத்தில் 53,500 பாத்துக்கு (தாய்லாந்துப் பணம்) போனது. அந்தச் செய்தியைப் படித்த பலரையும் போல நானும் உலகத்தில் ஒன்றே ஒன்றாக ஒரு மீன் நம் மாடியில் பிறக்காதா என்று ஏங்கத் தொடங்கினேன். கோய் என்று சொல்லும் பல நிறத் திட்டுகள் கொண்ட ஃபைட்டரில் நல்ல ஆண் ஒன்று கிடைத்தது. அதை என் டர்க்காய்ஸ் பெண்ணுக்குப் போட்டேன். குஞ்சுகளில் சில அருமையாக வந்தன, விலையும் போயின. அழகில் குறை சொல்லவே முடியாது. கூடப் பிறந்தவற்றில் முழு டர்க்காய்ஸாகத் தெரிந்த நான்கைந்தை என் பழைய லைனோடு சேர்த்து வைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு.

கோய்க்குள் இருப்பது மார்பிள். அது இடம் விட்டு இடம் தாவுகிற மரபணு. அதனால்தான் மார்பிள் மீன் ஒரே பிறவியிலேயே நிறம் மாறிக்கொண்டே போகிறது. மூன்று மாதத்தில் பாதி வெள்ளையாக இருந்தது எட்டாம் மாதத்தில் முழு நீலமாக நிற்கும். முழு நிறமாகத் தெரிகிற உடன்பிறப்புக்குள்ளும் அது இருக்கலாம். அடுத்த தலைமுறையில் என் டர்க்காய்ஸ் குஞ்சுகளின் செதிலில் வெளிறிய திட்டுகள் தெரிந்தன. அதற்கடுத்த தலைமுறையில் எது சுத்தம், எது கலப்பு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. ஆறு வருட லைன். முழுவதையும் கழித்தேன்.

கோய் எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தனியாக எடுங்கள். அதில் பிறந்த எதையும், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், பழைய லைனுக்குள் விடாதீர்கள். விற்கும்போது "மார்பிள் வழி" என்று வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொன்னால் வியாபாரம் குறையும் என்கிறார்கள். எனக்கு அப்படிக் குறைந்ததில்லை.

ஃபைட்டரில் இன்னொரு நெருக்கடி, காலம். நாலைந்து மாதத்தில் ஜோடி சேர்க்கலாம். ஒரு வயதைத் தாண்டிவிட்டால் முன்போல நம்ப முடியாது. மாங்கன்று வைத்துவிட்டுப் பத்து வருடம் கழித்து வந்து பார்க்கிற மாதிரி இல்லை இது. வருடத்துக்கு ஒரு தடவையாவது கூடு கட்டவிட்டு, குஞ்சுக்குத் தீனியாக மொய்னா என்கிற நுண்ணிய நீர்ப்பூச்சி பிடித்து, ஆண்களைப் பிரித்துப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் மாற்றி, பாதாம் இலை போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வருடம் வீட்டில் கல்யாணம், வேலை மாற்றம், உடம்பு முடியவில்லை என்று விட்டால் அந்த லைன் அதோடு சரி. அதனால்தான் ஒரே ஆள் கையில் ஒரு லைன் இருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் ஸ்டீல் மீன்கள் கீழே, வாசல் பக்கம் சிமெண்ட் தொட்டிகளில் இருந்தன. கரண்ட் இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை. ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், அதற்கு ஏரேட்டர் தேவையில்லை. தெருத் தண்ணீர் ஏறித் தொட்டி விளிம்பைத் தாண்டியதுதான் முடித்துவிட்டது. காலையில் பார்த்தபோது தொட்டிகளுக்கும் தெருவுக்கும் இடையில் வித்தியாசமே இல்லை. முழங்கால் தண்ணீரில் வலையோடு நின்று தேடினேன். ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை.

அந்த வருடம் ஆடியில் இரண்டு ஜோடி ஸ்டீலைச் சும்மாதான் ஒரு நண்பருக்குக் கொடுத்திருந்தேன். செங்குன்றம் பக்கம் இருக்கிறார். பொங்கல் கழித்துப் போனேன். அவர் ஒரு கூடு எடுத்து, பெண்களைப் பிரித்து, பாட்டில் மேல் பெற்றோர் யார், எந்தத் தேதியில் கூடு என்று மார்க்கரில் எழுதி வைத்திருந்தார். "நீங்க கொடுத்த மீனு, நீங்களே எடுத்துக்கோங்கண்ணா" என்று நான்கு ஜோடியை நீட்டினார். இன்றைக்கு என்னிடம் இருக்கும் ஸ்டீல் எல்லாம் அவை வழி வந்தவை. நாங்கள் இருவரும் இப்போது இரண்டு கிளையாக வைத்திருக்கிறோம். அண்ணன் தங்கையையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் துடுப்பு சுருங்குகிறது, குஞ்சு குறைகிறது. அதனால் மூன்று நான்கு கூட்டுக்கு ஒருமுறை ஆண்களை மாற்றிக்கொள்கிறோம். இரண்டு கிளை போதவில்லை. மூன்றாவது வேண்டும்.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெண்மீன்களை மொத்தமாக ஒரே டப்பில் கொட்டாதீர்கள். நிறம் பிரித்து வைக்க இரண்டு டப் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதி ஒட்டினால் போதும், தேடி வருகிற ஆள் இருக்கிறோம்.

அன்றைக்கு வாங்கிய ஆறில் ஒன்று இறந்துவிட்டது. மீதி ஐந்தையும் ஒவ்வொன்றாக என் மெலனோ ஆணுக்குப் போட்டுப் பார்க்கப் போகிறேன். எதன் கூட்டிலாவது கருப்புக் குஞ்சு தென்பட்டால் அந்தப் பெண்ணுக்குள் கருப்பு இருக்கிறது என்று அர்த்தம். என் சொந்த லைனில் இந்தப் பருவத்து ஸ்டீல் பெண்கள் பதினாறு இருக்கின்றன. விற்பதாக இல்லை. குறைந்தது இரண்டு வருடம் மார்பிள் கலக்காமல் எடுப்பேன், எனக்குப் போய்விட்டால் திருப்பிக் கொடுப்பேன் என்று சொல்கிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டாகத் தருகிறேன், ஜோடிக்கு ஆணும் தருகிறேன். கீழே கமெண்டில் சொல்லுங்கள். வரும்போது மூடி போட்ட டப்பா எடுத்து வாருங்கள், என்னிடம் பாட்டில் மிச்சமில்லை.