வசைச்சொல்லின் எடையை யார் நிறுப்பது?

'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று தொடங்கும் 969-ஆம் குறளை நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். அதன் முதற்சொல்லை மட்டும் பிரித்தெடுத்து இன்று ஒருவரின் முகத்துக்கு நேரே சொன்னால், அது கைகலப்பில் போய் முடியலாம். மானம் என்னும் அதிகாரத்தில் இரண்டு குறள்களில் எந்தக் கூச்சமும் இல்லாமல் நின்ற சொல், பிறருடைய மானத்தை வாங்கும் சொல்லாக இன்று ஆகிவிட்டது. இலங்கைத் தமிழர் 'தலைமயிர்' என்பதை இன்றும் இயல்பாகச் சொல்கிறார்கள். மலையாளத்திலோ 'மயிர்' என்பதே அவையில் வாய்திறந்து சொல்ல முடியாத வசை. பொருள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எடைதான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒரு சொல்லின் பொருளை அகராதியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதன் எடையை, அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பிறருடைய பேச்சுக்கு நாம் தீர்ப்பு எழுதுகிறோம் என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

இந்த எடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஒரு சமூகம் எதைப் புனிதமாக வைத்ததோ, எதற்கு அஞ்சியதோ, அங்கிருந்துதான் வருகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பேசப்படும் பிரெஞ்சில் மிகக் கடுமையான வசைகள் எல்லாம் கத்தோலிக்கத் தேவாலயத்துப் பொருள்களின் பெயர்கள். நற்கருணையை வைக்கும் பேழை, திராட்சை இரசக் கிண்ணம், அப்பம் ஆகியவற்றின் பெயர்களைத்தான் அங்கே கோபத்தில் சொல்லித் திட்டுகிறார்கள். அதே சொற்களைப் பாரிஸில் கேட்பவருக்கு அவை பூசைப் பொருள்களாக மட்டுமே தோன்றும். 1960-களில் நடந்த பெருமாற்றம் வரை கியூபெக்கில் கல்வி, மருத்துவம் உட்பட வாழ்க்கையின் பெரும்பகுதி திருச்சபையின் பிடியில் இருந்தது. அந்தப் பிடி இறுக்கமாக இருந்ததனால்தான் அதை மீறிச் சொல்லும் சொல்லுக்கு அத்தனை வேகம் கிடைத்தது. இன்று அங்கே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் அந்தச் சொற்கள் வசையாகவே நிற்கின்றன.

டச்சு மொழியில் திட்டுவதற்கு நோய்களின் பெயர்கள் பயன்படுகின்றன. காசநோய், டைஃபாய்டு, காலரா, கொள்ளைநோய் ஆகிய நான்கும் அங்கே பழைய வசைகள். புற்றுநோயின் பெயரோ இன்றும் மிகக் கொடிய வசை. கொள்ளைநோய் வந்து ஊரைக் காலிசெய்து போன காலங்களில் பிறந்த அந்தச் சாபங்களில், நோய்கள் அடங்கிய பின்பு பலவற்றின் கூர் மழுங்கிவிட்டது. புற்றுநோய் இன்னும் வீடுகளில் இருப்பதனால் அந்தச் சொல்லின் கூர் மட்டும் குறையவில்லை. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒருவரின் காதில் அது எப்படி விழும் என்பதை, அந்த மொழி தெரியாத நாம்கூட எளிதில் உணர முடியும்.

வசைக்கு ஓசையிலும் ஒரு பொதுமை இருக்கலாம் என்று ஓர் ஆய்வு காட்டியது. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவேயின் இரு ஆய்வாளர்கள், ஒன்றோடொன்று உறவில்லாத சில மொழிகளின் வசைகளை ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ய, ர, ல, வ போன்ற ஒலிகள் வசைகளில் குறைவாகவே வருகின்றன என்று கண்டார்கள். நம் இலக்கணம் இடையினம் என்று தனியே பிரித்து வைத்த எழுத்துகளோடு இவை பெரும்பாலும் ஒத்துப்போவது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் நான் முதலில் எடுத்துக்கொண்ட சொல்லைப் பாருங்கள்: அதில் யகரமும் இருக்கிறது, ரகரமும் இருக்கிறது. ஓசை அத்தனை மென்மையாக இருந்தும், சமூகம் அதன்மேல் ஏற்றி வைத்த எடையைக் குறைக்க அந்த மென்மையால் முடியவில்லை.

எடை வேறுபடுவதற்கு இரண்டு மொழிகள்கூடத் தேவையில்லை. மூளை முடக்குவாதத்தால் தசைகள் இறுகியவர்களைக் குறிக்கும் மருத்துவச் சொல் ஒன்றின் சுருக்கமான 'ஸ்பாஸ்', அமெரிக்க ஆங்கிலத்தில் தடுமாறுவது, பதற்றத்தில் நிதானம் இழப்பது என்ற அளவில் இலேசாகப் புழங்கி வந்தது. பிரிட்டனில் அது மாற்றுத்திறனாளிகளின்மேல் எறியப்படும் கல். பிள்ளைகள் அதை வைத்து ஒருவரையொருவர் கேலி செய்யத் தொடங்கியதன் விளைவாக, இந்த நோயுள்ளவர்களுக்காக நெடுங்காலம் பணியாற்றி வந்த ஓர் அறநிறுவனம் தன் பெயரிலேயே இருந்த அந்த மருத்துவச் சொல்லை 1994-இல் கைவிட்டு, 'ஸ்கோப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2006-இல் கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ், தான் மோசமாக ஆடியதைச் சொல்ல இந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது அமெரிக்காவில் பெரிய சலசலப்பு எழவில்லை. பிரிட்டனில் கொதித்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்டார். 2022-இல் அமெரிக்கப் பாடகியர் லிஸோவும் பியான்சேயும் தம் பாடல்களிலிருந்து அதே சொல்லை நீக்கிப் புதிதாகப் பதிவு செய்தார்கள். 'எங்கள் ஊரில் இதற்கு அப்படிப் பொருள் இல்லை' என்று அவர்கள் வாதாடவில்லை. காயப்பட்டவர் சொன்னதைக் கேட்டு உடனே திருத்திக்கொண்டது மிகச் சரியான செயல் என்றே நான் கருதுகிறேன்.

வசைச்சொல்லே இல்லாமலும் வசை நிகழும் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. கடவுளை 'நீ' என்கிறோம், தாயையும் பெரும்பாலும் 'நீ' என்கிறோம். அறிமுகமில்லாத பெரியவரை 'நீ' என்றால் அங்கேயே பேச்சு முறிந்துவிடுகிறது. ஜப்பானிய மொழியில் ஒரு காலத்தில் மரியாதைக்குரிய முன்னிலைச் சொல்லாக இருந்த 'கிசாமா', இன்று சண்டையில் எதிரியை இழிவாக விளிக்கும் சொல். எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல்லை வைத்திருக்கும் இன்றைய ஆங்கிலத்தில், இந்த அவமதிப்பை அதே வடிவில் சொல்லிக்காட்ட வழியே இல்லை.

நம்மை அதிகம் ஏமாற்றுவது இரண்டாம் மொழி. அமெரிக்க உளவியலாளர் கேத்தரின் ஹாரிஸும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், துருக்கியத்தைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றவர்களிடம் இரு மொழிகளின் சொற்களையும் தந்து, அவர்களுடைய தோலில் ஏற்படும் மின்கடத்து மாற்றத்தை அளந்தார்கள். தகாத சொற்களுக்கும், குறிப்பாகச் சிறுவயதில் பெரியவர்கள் அதட்டும் தொடர்களுக்கும், தாய்மொழியில்தான் உடல் வலுவாக எதிர்வினை காட்டியது. இதை நான் படிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே என் வாழ்க்கையில் ஒருமுறை பட்டறிந்திருக்கிறேன். வேலையிடத்தில் ஒரு கூட்டத்தில், தமிழில் அதன் நிகரைக் கனவிலும் சொல்லத் துணியாத நான், ஓர் ஆங்கிலச் சொல்லை வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பெண் ஒருவர் அந்தக் கணமே பேச்சை நிறுத்திக்கொண்டார், கூட்டம் முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அந்தச் சொல் வெறும் ஓசையாக இருந்தது. அவருக்கு அது குழந்தைப் பருவத்திலிருந்தே எடை கூடி வந்த சொல். மறுநாள் மன்னிப்புக் கேட்டபோது நான் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால், மன்னிப்பு பாதியாகியிருக்கும்.

அப்படியானால் பேசியவரின் நோக்கத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அதைத் தண்டிக்கும் இடத்தில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். உருகுவே நாட்டுக் கால்பந்து வீரர்கள் இருவரின் வழக்குகளை எடுத்துக்கொள்வோம். 2011-இல் லூயிஸ் சுவாரேஸ், இங்கிலாந்தில் ஓர் ஆட்டத்தின் நடுவே வாய்ச்சண்டையில் எதிரணி வீரர் பாட்ரிஸ் எவ்ராவைக் கறுப்பர் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் அழைத்தார். எங்கள் நாட்டில் அது இயல்பான விளிச்சொல் என்பது அவருடைய வாதம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக்காக விசாரித்த குழு, தென் அமெரிக்க ஸ்பானிய மொழி வழக்கை அறிந்த இரு வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டது. சுவாரேஸ் சொல்கிறபடி நடந்திருந்தால் அது உருகுவேயில் இழிவாகாது, எவ்ரா சொல்கிறபடி நடந்திருந்தால் அது உருகுவேயிலேயே இழிவுதான் என்று அவர்கள் விளக்கினார்கள். எவ்ரா சொன்னதையே ஏற்ற குழு, எட்டு ஆட்டங்கள் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. சொல்லை அது பிறந்த ஊரின் தராசில் வைத்து நிறுத்த பிறகு வந்த இந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

2020-இல் எடின்சன் கவானியின் வழக்கு வேறு வகை. தான் அடித்த கோல்களுக்காகத் தன்னை வாழ்த்திய நண்பர் ஒருவருக்கு, இன்ஸ்டாகிராமில் ஸ்பானிய மொழியில் நன்றி சொன்ன அவர், அதே வேர்ச்சொல்லின் செல்ல வடிவமான 'நெக்ரிதோ' என்பதைச் சேர்த்து எழுதினார். இந்தச் சொல் ஆங்கிலக் காதில் எப்படி விழும் என்று தெரிந்தவுடன் அதை நீக்கி, மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அவருக்கு மூன்று ஆட்டங்கள் தடையும் 1,00,000 பவுண்டு அபராதமும் விதித்தது. உருகுவேயின் தேசிய மொழிக் கழகம், இது தங்கள் மொழியையே அறியாமல் எழுதப்பட்ட தீர்ப்பு என்ற பொருளில் கண்டனம் தெரிவித்தது. இலட்சக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் எழுதியதால் அந்தச் சொல்லை நீக்கியது முறைதான். இங்கிலாந்தில் நிறவெறியால் காயப்பட்டவர்களின் கண்ணில் அது படும். அந்த அளவில் எனக்குக் கால்பந்துச் சங்கத்தோடு உடன்பாடு உண்டு. ஆனால் தன் தாய்மொழியில், தன் நண்பருக்கு, அன்போடு எழுதிய ஒருவரையும், எதிரியைப் புண்படுத்தவே அதே வேர்ச்சொல்லை எறிந்தவரையும் ஒரே விதியின்கீழ்க் கொண்டுவந்து ஆட்டத்தைவிட்டு வெளியே நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. அபராதத் தொகை சுவாரேஸுக்கு விதித்ததைப் போல இரண்டரை மடங்காக இருந்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை.